ஓட்டிலிருந்து எலும்புக்கு

விவேக் நகரில் எங்கள் வீட்டு மீட்டர் பெட்டியை வருஷத்துக்கு ஒரு தடவைதான் முழுதாகத் திறப்போம், பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கும்போது. இந்த முறை திறந்தால், ஒயர்களுக்கும் பழைய மரப்பலகைக்கும் நடுவே, தூசும் ஒட்டடையும் படிந்த மூலையில் ஐந்து பல்லி முட்டைகள் கிடந்தன. மூன்று காலி. இரண்டு முழுசு.

“தூக்கிப் போட்டுடட்டுமாண்ணா?” என்றார் வெள்ளையடிக்க வந்த தம்பி.

“இருங்க தம்பி, அந்த மூலைய மட்டும் விட்டுடுங்க” என்றேன். காலி ஓடுகளை மட்டும் ஒரு தீப்பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மேஜை விளக்கடியில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஓடு சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். வெளிப்புறம் சொரசொரப்பான வெள்ளை, வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்தால் வருமே, அந்த வெள்ளை. நகத்தால் தட்டினால் ‘டக்’ என்று சத்தம் வந்தது. ஒரு பக்கம் ஒழுங்கில்லாமல் உடைந்திருந்தது. குஞ்சு வெளியே வந்த வழி. உள்ளே வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய சவ்வு ஓட்டோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அந்தச் சவ்வில் பழுப்பு நிறத்தில் கிளைகிளையாகக் கோடுகள். அரச இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் மிஞ்சும் நரம்பு வலை மாதிரி. ஒரு காலத்தில் இரத்தம் ஓடிய குழாய்கள் அவை.

ஓட்டில் ஒரு துண்டைக் கிண்ணத்தில் போட்டு எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தேன். உடனே நுரை கிளம்பிப் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஏறின. கொஞ்ச நேரத்தில் ஓடு கரைந்து சவ்வு மட்டும் மிதந்தது. சுண்ணாம்புக்கல்லில் புளிப்பு பட்டால் இதுதான் நடக்கும். ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரியமில வாயு நுரைத்து வெளியேறும், கால்சியம் நீரில் கரைந்துவிடும்.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கிண்ணத்துக்குள் இருக்கிறது. ஒரு சுண்ணாம்புச் சுவர், அதை ஒட்டி ஒரு இரத்த வலை, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் புளிப்பு.

முட்டைக்குள் இருக்கும் குஞ்சை நினைத்துப் பாருங்கள். தாய் முட்டையிட்டுவிட்டுப் போய்விட்டது. அடைகாப்பது இல்லை, ஊட்டுவது இல்லை. ஒன்றரை இரண்டு மாதத்தில் உள்ளே ஒரு மண்டையோடு, ஒரு முதுகுத்தண்டு, நாலு கால், காலுக்கு ஐந்து விரல், விரலுக்குள் கண்ணுக்குத் தெரியாத எலும்புத் துண்டுகள் எல்லாம் உருவாகின்றன. வெளியே வந்த நிமிஷமே சுவரில் தலைகீழாக ஓடுகிறது. எலும்பு என்றால் கால்சியம் வேண்டும். வெளியிலிருந்து ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. அப்படியானால் தாய் அதை முன்கூட்டியே முட்டைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். எங்கே வைத்தது?

இடம் இரண்டுதான். ஒன்று, நடுவே இருக்கும் மஞ்சட்கரு. இன்னொன்று, சுற்றியிருக்கும் ஓடு. எதில் எவ்வளவு என்பதை ஒவ்வொரு உயிர்க்கூட்டமும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. எந்தக் கூட்டத்தால் குட்டி போட முடிந்தது, எது இன்றைக்கும் முட்டையை விட்டு நகர முடியாமல் நிற்கிறது என்பதுவரை அந்தத் தீர்வின் விளைவு நீண்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நமக்கு நன்றாகத் தெரிந்த கோழியில் தொடங்குவோம். ஒரு கோழிமுட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. மஞ்சட்கருவில் இருப்பது 25, 30 மில்லிகிராம்தான். 21ஆம் நாள் வெளியே வரும் குஞ்சின் உடம்பை அளந்தால் அதில் சுமார் 120 மில்லிகிராம் இருக்கிறது. அந்த வித்தியாசம் முழுக்க ஓட்டிலிருந்து வந்தது. அதாவது, குஞ்சின் எலும்பில் ஐந்தில் நாலு பங்கு ஒரு காலத்தில் ஓடாக இருந்தது. அடைவைத்த பாதி நாள்வரை குஞ்சு மஞ்சட்கருவை வைத்தே ஓட்டிவிடுகிறது. அதற்குள் அதன் உடம்பிலிருந்து ஒரு சவ்வு கிளம்பி, ஓட்டின் உட்புறம் முழுவதும் பரவி ஒட்டிக்கொள்கிறது. கோரியோஅலன்டாயிக் சவ்வு என்று அதற்குப் பெயர். என் தீப்பெட்டியில் காய்ந்துகிடந்த நரம்பு வலையும் அதுதான். குஞ்சின் நுரையீரல் வேலை செய்யத் தொடங்கும்வரை மூச்சு வாங்குவதும் அதன் வழியாகவே. ஓட்டின் நுண்துளைகளில் புகுந்துவரும் பிராணவாயுவை இந்தச் சவ்வின் இரத்தம் எடுத்துக்கொண்டு போகும், கரியமில வாயுவை வெளியே தள்ளும்.

அடைகாலத்தின் இரண்டாம் பாதியில் இதே சவ்வு இன்னொரு வேலையையும் ஏற்கிறது. அதன் சில செல்கள் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியை நிறைய வைத்திருக்கின்றன. கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து அமிலமாக்குவது அந்த நொதியின் தொழில். அந்த அமிலம் ஓட்டின் உட்புறத்தைக் கரைக்கிறது. பக்கத்துச் செல்கள் கரைந்த கால்சியத்தை வாங்கி இரத்தத்தில் விடுகின்றன. நான் எலுமிச்சை பிழிந்தேன்; குஞ்சுக்கு அது தேவைப்படவில்லை. உயிரோடிருக்கும் உடம்பு விடும் கழிவு வாயுவே அதற்குப் புளிப்பாகிறது.

அரக்கு பள்ளத்தாக்கில் போரா குகைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ரசாயனம் புதிதில்லை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, ஆயிரமாயிரம் ஆண்டுகளில் அந்தப் பெரிய கூடங்களைக் குடைந்தது. முட்டைக்குள் நடப்பதும் அதுவேதான். பத்து நாளில் நடக்கிறது, குடைந்தது வீணாகாமல் எலும்பாகிறது.

ஓடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் தஹாராவும் ஒபாராவும் 2014இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கோழிமுட்டையை உடைத்து, ஓட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் படலத்தாலான கிண்ணத்தில் வைத்துக் குஞ்சு வளர்த்தார்கள். துடிக்கும் இதயம் மேலிருந்தே தெரியும். ஆனால் அப்படி வளர்ப்பதற்குக் கால்சியம் லாக்டேட்டை வெளியிலிருந்து சேர்க்க வேண்டியிருந்தது, பிராணவாயுவும் தர வேண்டியிருந்தது. ஓடு சும்மா சுவராக மட்டும் நின்றிருந்தால் ஒரு பிளாஸ்டிக் படலமே அதன் இடத்தை நிரப்பியிருக்கும்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். ஜனவரி முதல் மார்ச்வரை சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவருகின்றன. 1988 முதல் மாணவர்கள் குழுவாக இரவில் நடந்து, நாய்க்கும் திருட்டுக்கும் முன்னால் அந்த முட்டைகளை எடுத்துக் கடற்கரையிலேயே வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். பிங்பாங் பந்து மாதிரி உருண்டை. ஆனால் விரலால் அழுத்தினால் குழியும். பொரித்தபின் மணலைக் கிளறினால் வரும் ஓடுகள் கசங்கிய காகிதம்போல இருக்கும்.

ஆமை ஓட்டில் ஒரு தனித்தன்மை உண்டு. கோழி, முதலை, பல்லி எல்லாவற்றின் ஓடும் கால்சைட் என்ற படிக வடிவில் அமைந்த கால்சியம் கார்பனேட். ஆமை மட்டும் அதே பொருளை அரகோனைட் என்ற வேறொரு படிகமாக அடுக்குகிறது. முத்துக்கும் முத்துச்சிப்பியின் உள்பளபளப்புக்கும் காரணமான அதே அரகோனைட். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு மையத்திலிருந்து ஊசிஊசியாக விரியும் பூங்கொத்துகள் பக்கம் பக்கமாக நிற்கும். அந்த மையம் இருப்பது உட்பக்கத்தில், குஞ்சின் சவ்வை ஒட்டி. குஞ்சு கால்சியத்தை எடுப்பதும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

ஆமைக்குஞ்சு ஓட்டைத் தின்று வளர்கிறது என்பதைக் கணக்கோடு காட்டியவர்களில் முக்கியமானவர் பிரிட்டனைச் சேர்ந்த கென்னத் சிம்கிஸ். 1962இல் அவர் பேராமையை, ஏழுவரி ஆமை என்றும் சொல்வோமே, அதை எடுத்துக்கொண்டார். புது முட்டையின் மஞ்சளிலும் வெள்ளையிலும் எவ்வளவு கால்சியம், பொரித்த குஞ்சின் உடம்பில் எவ்வளவு என்று அளந்தார். குஞ்சில் இருந்தது பல மடங்கு அதிகம். மிச்சம் ஓட்டிலிருந்து வந்திருந்தால் மட்டுமே கணக்கு நேராகும். ஓர் அடுப்பும் தராசும் கொஞ்சம் ரசாயனமும் வைத்துச் செய்யக்கூடிய வேலை. வரவு செலவு பார்ப்பது போன்ற அந்த எளிமைக்காகவே எனக்கு அந்த ஆய்வின்மேல் பெரிய மதிப்பு.

1969இல் பச்சை ஆமைக்கும் பெருந்தலை ஆமைக்கும் இதே கணக்கைப் பார்த்த கட்டுரையில் சிம்கிஸோடு இன்னொரு பெயர் இருக்கிறது: எச். ராபர்ட் பஸ்டார்ட். இந்திய முதலைகளின் கதை தெரிந்தவர்களுக்கு அது நன்கு பழகிய பெயர். 1974இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு சார்பில் அவர் இங்கே வந்தார். தோலுக்காகவும் முட்டைக்காகவும் அழிந்துகொண்டிருந்த கரியல், சதுப்பு முதலை, உவர்நீர் முதலை மூன்றையும் மீட்க 1975இல் முதலைத் திட்டம் தொடங்கியது. முட்டைகளை ஆற்றங்கரையிலிருந்து சேகரித்துப் பொரிக்கவைத்து, வளர்த்து, ஆற்றில் விடுவதுதான் அதன் அடிப்படை. முட்டைக்குள் என்ன நடக்கிறது என்று அளந்து பார்த்த ஒருவர், அடுத்த சில வருஷத்தில் ஒரு நாட்டின் முதலைகளை முட்டையிலிருந்து தொடங்கிக் காப்பாற்றினார் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

முதலை முட்டை கெட்டியானது, வாத்து முட்டையைப் போல. இட்டவுடன் அது ஒரே சீரான மங்கல் வெள்ளை. ஒரு நாளில் மேற்புறம் ஒரு சுண்ணாம்புப் பொட்டு தோன்றும். பிறகு அது முட்டையின் இடுப்பைச் சுற்றிப் பட்டையாகும். நாளாக நாளாக இரு முனைக்கும் படரும். உள்ளே கரு மேற்புற ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வளர்வதன் வெளி அடையாளம் அது. அதனால்தான் கூட்டிலிருந்து முதலை முட்டை எடுப்பவர்கள் முதலில் பென்சிலால் மேற்புறத்தில் ஒரு கோடு போடுகிறார்கள். கோடு எப்போதும் மேலே இருக்க வேண்டும். திருப்பிவிட்டால் ஒட்டிய கரு கிழிந்து செத்துப்போகும். கோழி முட்டையைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். முதலைக்கு அதுவே மரணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோர் 1976இல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணைக்குப் போகிறவர்கள் இந்தக் கோட்டைப் பற்றி அங்கே கேட்டுப் பாருங்கள்.

பறவை, முதலை, ஆமை ஆகிய மூன்று கூட்டமும் ஓட்டை நம்பி எலும்பு கட்டுகிறவை. பல்லி, ஓணான், பாம்புக் கூட்டத்துக்கு வந்தால் கணக்கு புரண்டுவிடுகிறது.

விவேக் நகரில் வீடு எழும்பாத மனை ஒன்றிரண்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. மழை பெய்து மண் இளகியதும் பெண் ஓணான் வந்து முன்காலால் குழி பறித்து முட்டையிடும். அந்த முட்டை தோல் போன்றது. ஓடு என்று சொல்ல மேலே மெல்லிய ஒரு சுண்ணாம்புப் பூச்சுதான். மண்ணின் ஈரத்தை உறிஞ்சி முட்டையே பெருக்கும். சாரைப் பாம்பு, நல்ல பாம்பு முட்டைகளும் அப்படித்தான். இப்படிப்பட்ட பூச்சிலிருந்து ஒரு எலும்புக்கூட்டையே எடுப்பது கடினம். அதனால் இந்தக் கூட்டத்தில் தாய் கால்சியத்தின் பெரும்பகுதியை மஞ்சட்கருவிலேயே கட்டிவைத்துவிடுகிறது. இங்கிலாந்தின் விரியனில் சிம்கிஸும் ஜென்கின்ஸும் 1968இலேயே இதைக் கண்டிருந்தார்கள்.

அதனால் பாம்பு ஓட்டைத் தொடுவதே இல்லை என்று ரொம்ப நாள் பலர் நினைத்தார்கள். அது தவறு. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், டாம் ஈகே, டேனியல் பிளாக்பர்ன் மூவரும் சோளப் பாம்பின் முட்டைகளை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்து 2004இல் எழுதினார்கள். மஞ்சட்கருவே முதல் களஞ்சியம்; ஆனால் ஓட்டிலிருந்தும் ஒரு பங்கு உடம்புக்குள் போகிறது, அதுவும் எலும்பு வேகமாக இறுகும் கடைசிக் காலத்தில். கால்பின்டின் என்று ஒரு புரதம் உண்டு; கால்சியத்தைக் கையில் பிடித்துச் செல்லுக்குள் கடத்திவிடும் சுமைதூக்கி. கோழிக்குஞ்சின் மஞ்சட்கருப் பையில் இருக்கும் அதே புரதம் சோளப் பாம்பின் மஞ்சட்கருப் பையிலும் ஓட்டை ஒட்டிய சவ்விலும் இருந்தது. கோழிக்கும் பாம்புக்கும் பொது மூதாதை இருபத்தைந்து கோடி ஆண்டுக்கும் முந்தையது. அவ்வளவு தூரம் பிரிந்தபின்னும் இருவரும் ஒரே கருவியை வைத்திருக்கிறார்கள்.

இனி கண்ணாடி விரியனுக்கு வருவோம். அது முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. சுருட்டை விரியனும் மண்ணுளிப் பாம்பும் அப்படியே. உலகம் முழுவதும் பல்லி, பாம்புக் கூட்டத்தில் முட்டையை விட்டுக் குட்டிக்கு மாறியது நூறு தடவைக்கு மேல் தனித்தனியாக நடந்திருக்கிறது. இன்று உயிரோடிருக்கும் பறவைகளில் ஒன்றுகூட மாறவில்லை. முதலையும் இல்லை, ஆமையும் இல்லை. ஏன்?

1977இல் கேரி பக்கார்டும் இரு கூட்டாளிகளும் சொன்ன விளக்கம் இந்தக் கால்சியக் கணக்கிலிருந்து புறப்படுகிறது. குட்டி போட வேண்டுமானால் முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே தங்க வேண்டும், நடுவே நிற்கும் ஓடு மெலிந்து மறைய வேண்டும். எலும்புக்கு ஓட்டையே நம்பியிருக்கும் கூட்டத்தில் ஓடு மெலிந்தால் குஞ்சின் எலும்பும் மெலியும். அந்த வழி தொடக்கத்திலேயே அடைபட்டுவிடும். மஞ்சட்கருவில் சேமித்தவர்களுக்கு ஓட்டை இழப்பது பெரிய நஷ்டம் இல்லை. ஓட்டிலிருந்து வந்த சிறு பங்கைத் தாயின் கருப்பையே நேராகக் கொடுத்துவிடலாம். வாங்கிக்கொள்ளும் சவ்வும் கால்பின்டினும் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. இதுதான் முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சூடு, பிராணவாயு, பறத்தல் என்று வேறு காரணங்களும் பேசப்படுகின்றன. ஆனாலும் இத்தனை உயிரினங்களைக் கால்சியம் என்ற ஒரே நூலில் கோத்துக் காட்டும் விளக்கம் இதைப்போல் வேறில்லை என்பது என் எண்ணம்.

இந்த இரு கூட்டமும் ஒரே கல்லில் படுத்திருக்கும் இடம் ஒன்று குஜராத்தில் இருக்கிறது. பாலாசினோர் வட்டாரத்தில் தோலி டுங்ரி என்ற ஊரில் தனஞ்சய் மொஹபே 1980களில் எடுத்த பாறை அது. டைனோசர் முட்டைகளும் எலும்பும் என்று முதலில் நினைத்தார்கள். பின்னர் ஜெஃப்ரி வில்சன் அதில் பாம்பின் முதுகெலும்பைக் கண்டார். 2010இல் சனாஜே இண்டிகஸ் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். மூன்றரை மீட்டர் நீளப் பாம்பு, உடைந்த ஒரு முட்டையைச் சுற்றிச் சுருண்டிருக்கிறது. பக்கத்தில் அப்போதுதான் வெளிவந்த டைனோசர் குஞ்சு. சுமார் 6 கோடியே 70 லட்சம் வருஷத்துக்கு முன் ஒரு புயலின் மணல் எல்லாவற்றையும் மூடியது. டைனோசரின் உறவுகளான பறவையும் முதலையும் ஓட்டிலிருந்து எலும்பு கட்டுவதால், அந்தக் குஞ்சும் அப்படியே வளர்ந்தது என்று நினைக்க நியாயம் இருக்கிறது. அதைத் தின்ன வந்த பாம்பு மஞ்சட்கருக் கூட்டத்தைச் சேர்ந்தது.

இப்போது மீட்டர் பெட்டிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் பல்லிதான் எல்லாவற்றையும்விட விநோதமானது. மஞ்சட்கருவை நம்பும் கூட்டத்தில் பிறந்தும், பறவையைப் போலக் கெட்டி ஓடு போடுகிறது. பல்லியினத்தில் பெரும்பகுதிக்கே உரிய வழக்கம் இது. இதில் ஈரம் உறிஞ்சிப் பெருப்பது கிடையாது. தேவையான தண்ணீரும் உள்ளேயே வைத்துப் பூட்டியாகிவிட்டது. அதனால்தான் டியூப்லைட்டுக்குப் பின்னாலும் காய்ந்த பரணிலும் அது பிழைக்கிறது. எறும்பும் சுலபத்தில் நுழையாது. பொரித்த பின்னும் ஓடு கசங்காமல் கல்போலக் கிடப்பதைப் பார்த்தால், எலும்புக்குக் கொடுத்தது போக அதில் மிச்சம் ஏராளம் என்றே தோன்றுகிறது.

அவ்வளவு சுண்ணாம்பு ஒரு பல்லிக்கு எப்படிக் கிடைக்கும்? அது தின்பது கொசுவும் ஈசலும். பூச்சியின் உடம்பில் கால்சியம் மிகக் குறைவு. இதற்கு விடை உங்கள் வீட்டு ஜன்னலிலேயே தெரியும். இரவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், விளக்கொளியில் வயிறு தெரிய ஒட்டியிருக்கும் பெண் பல்லியைக் கவனியுங்கள். வயிற்றில் இரண்டு வெள்ளை முட்டை நிழலாகத் தெரியும். கழுத்தின் இருபுறமும் பாருங்கள். சில நேரம் இரண்டு வெள்ளைப் புடைப்புகள் இருக்கும். பலர் அதை நோய்க்கட்டி என்று நினைக்கிறார்கள். அது சுண்ணாம்புப் பை. உள்காதிலிருந்து நீண்டு கழுத்துவரை வரும் பை அது. உள்ளே பால் போன்ற கால்சியம் கார்பனேட் குழம்பு. பூச்சி பூச்சியாகச் சேர்த்ததை அங்கே சேமித்து, ஓடு கட்டும் வேளையில் எடுத்துச் செலவழிக்கிறது. அதற்குப்பின் புடைப்பு வற்றிவிடும். தாயின் கழுத்திலிருந்து ஓட்டுக்கு, மஞ்சட்கருவிலிருந்தும் ஓட்டிலிருந்தும் குஞ்சின் விரல் எலும்புக்கு என்று அந்தச் சுண்ணாம்பு இடம் மாறிக்கொண்டே போகிறது.

பெட்டியில் விட்டுவைத்த இரண்டு முட்டையில் ஒன்று மூன்றாம் வாரம் பொரித்தது. குழந்தை இயேசு கோவிலில் வியாழக்கிழமை நவநாள் கூட்டம் தெருவரை நின்ற சாயங்காலம். ஓட்டின் உடைந்த விளிம்பில் இன்னும் ஈரம் இருந்தது. குஞ்சு பலகையின் இடுக்கில், என் ஒரு விரல்கட்டை நீளத்தில், வாலை மடித்து நின்றது. மற்றது கெட்டுப்போயிருந்தது.

வெள்ளையடிக்கும்போதோ பரண் ஒழிக்கும்போதோ உங்கள் வீட்டிலும் இப்படி முட்டைகள் கிடைக்கும். முடிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால், எடுக்குமுன் மேற்புறத்தில் பென்சிலால் லேசாக ஒரு புள்ளி வையுங்கள். திருப்பாமல் எடுத்து, பஞ்சு விரித்த தீப்பெட்டியில் புள்ளி மேலே தெரியும்படி வைத்து, வெயிலும் எறும்பும் படாத ஒரு மூலையில் பெட்டியைக் கொஞ்சம் திறந்தே வைத்துவிடுங்கள். இரண்டு மாதம் பொறுங்கள். குஞ்சு போன பிறகு ஓட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, உட்புறச் சவ்வில் இருக்கும் பழுப்புக் கோடுகளை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.